படத்தின் இடது ஓரம்

அந்த வருஷம் மாசி பிறப்பதற்குள் ஏரிக் கருவேல மரங்கள் வெள்ளையாகிவிட்டன. சங்குவளை நாரைகள் கிளைக்குக் கிளை கூடு வைத்து, குஞ்சு பொரித்து, எச்சமிட்டு எச்சமிட்டு, தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ சுண்ணாம்பு அடித்து வைத்த மாதிரி மரங்கள் நின்றன. தனப்பிரியா விடிந்ததும் ஏரிக்கரைக்குப் போய்விடுவாள். கழுத்தில் கேமரா, தலையில் கணவனின் பழைய தொப்பி, காலில் ஏரிக்கென்றே தனியாக வைத்திருந்த ரப்பர் செருப்பு.

அந்தத் தனிச் செருப்புக்குக் காரணம் இருந்தது. அவள் வாழ்க்கைப்பட்டது கோழிப்பண்ணைக் குடும்பத்தில். புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே பிரியும் ரோட்டில், ஏரிக்கு மேற்கே நீளநீளமாகக் கிடக்கும் முட்டைக்கோழி ஷெட்டுகள் அவளுடைய மாமனார் கந்தப்பன் கட்டியவை. இப்போது அவற்றை நடத்துவது அவள் கணவன் பாலசுந்தரம். காட்டுப் பறவையின் எச்சம் செருப்பில் ஒட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் போனால் கோழிகளுக்குச் சீக்கு வரும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஏரியிலிருந்து வந்தால் அவள் செருப்பைப் பின்வாசலுக்கு வெளியிலேயே விட்டுவிடுவாள். குளித்துத் துணி மாற்றிய பிறகுதான் சமையலறைக்குள் கால் வைப்பாள். ஷெட்டுப் பக்கம் தலைகாட்டுவதேயில்லை.

கேமரா பாலசுந்தரம் வாங்கிக் கொடுத்ததுதான். நாகப்பட்டினத்தில் முட்டை வியாபாரி ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது, திரும்பும் வழியில் கோடியக்கரையைப் பார்த்துவிட்டு வரலாமென்று வண்டியைத் திருப்பினார்கள். பங்குனி வெயில். உப்பு வெளுத்த சேற்றில் பூநாரைகள் வரிசையாக நின்றன. புறப்படும் நேரத்தில் ஏதோ ஒன்று மிரட்ட, அத்தனையும் ஒன்றாக எழும்பின. அந்த இளஞ்சிவப்பு தலைக்கு மேல் கடந்துபோனதைப் பார்த்து அவள் வாயைத் திறந்தபடி நின்றாள். அவள் அப்படி நின்றதைப் பாலசுந்தரம் பார்த்தான். ஊர் வந்து ஒரு மாதத்துக்குள் சேலத்தில் விசாரித்து, நீள லென்சோடு ஒரு கேமரா கொண்டுவந்து கையில் கொடுத்தான். "கடல் நம்மூட்டுக்கு வராது. ஏரி இருக்குதல்ல, அதுல புடி" என்றான்.

அப்படித்தான் ஏரி அவளுடையதாயிற்று. மகள் நிலா ராசிபுரத்தில் விடுதியில் தங்கிப் படித்தாள். காலை வேளை முழுக்கக் கரையிலேயே கழிக்கத் தனப்பிரியாவுக்கு முடிந்தது. நாரைகள் மட்டுமல்ல. ஊருக்குத் திரும்பத் தயாராகும் வாலாட்டிகள், சேற்றைக் குத்தித் தின்னும் உள்ளான்கள், மாலையில் கூட்டம் கூட்டமாக இறங்கும் சூறைக்குருவிகள். கரையோரத்து எருக்கஞ்செடிகளில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சிகள் முட்டையிடும். கிலுகிலுப்பைச் செடி காய்ந்துபோனால் நீலவேங்கைப் பட்டாம்பூச்சிகள் வந்து காய்ந்த தண்டில் அப்பிக்கொள்ளும். சேலத்தில் கல்லூரி ஆசிரியையாக இருந்த சரிதா நடத்திவந்த பறவைக் குழுவில் அவள் படங்களை அனுப்புவாள். "உங்க ஏரி எங்களுக்கெல்லாம் பொறாமையா இருக்கு" என்று சரிதா எழுதுவாள்.

மாசி கடைசியில் ஏரிக்குக் கிழக்கே ஒரு பண்ணையில் கோழிகள் கழுத்து முறுக்கிக்கொண்டு விழ ஆரம்பித்தன. அடுத்த வாரம் இவர்களுடைய ஷெட்டில்.

அர்த்தநாரிதான் முதலில் வந்து சொன்னான். அவனும் அவன் மனைவி பொன்னாயியும் பண்ணைக்குள்ளேயே ஒரு ஓட்டு வீட்டில் இருந்தார்கள். அவன் தீவனம் போடுவான், செத்ததைப் பொறுக்குவான். அவள் முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்குவாள். அன்றைக்கு அவன் வீட்டு வாசலுக்கு வந்து, படியேறாமல் நின்று, "முதலாளி, கோழி பச்சையும் வெள்ளையுமாக் கழியுதுங்க. தலைய வானத்தப் பாத்துத் திருப்பிக்கிட்டு விழுந்துருதுங்க" என்றான். பாலசுந்தரம் சாப்பிட்ட கையோடு எழுந்து ஓடினான்.

கால்நடை டாக்டர் வந்து செத்த கோழிகளை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வர நாளாகும் என்றார். அதுவரை எதுவும் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். கூண்டுகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டே வந்தன. ஷெட்டுகளுக்குப் பின்னால் வெட்டிய குழியிலிருந்து சுண்ணாம்பு நெடியும் அதற்கடியில் வேறொரு நெடியும் வீடுவரை வந்தன. பாலசுந்தரம் சவரம் செய்துகொள்வதை நிறுத்தினான். யாராவது கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்பினான்.

ஒரு சாயங்காலம் சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள் இவர்கள் வீட்டு வாசலில் கூடினார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் போதாமல் சிலர் பைக்கின்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"டாக்டரு டெஸ்ட்டு டெஸ்ட்டுங்கறாரு. அவரு சொல்றதுக்குள்ள கோழி மொத்தமும் போயிரும்" என்றார் ஒருவர்.

"எல்லாம் அந்த ஏரிக் கொக்கு கொண்டாந்த சீக்குதானுங்க. எந்தெந்த நாட்டுல திங்குதோ, இங்க வந்து பேலுது."

கந்தப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பறவைக்காய்ச்சல்னு பேரு கெளம்புச்சுன்னா கவர்மெண்டே வந்து, நல்லா நிக்கிற கோழியையும் சேத்துப் பொதைச்சுப் போட்டுரும். அதுக்கு முந்தி ஏரி சுத்தமாயிருக்கோணும். மரம் இருந்தாத்தான கொக்கு ஒக்காரும்?"

டீ கொண்டுவந்த தனப்பிரியா தட்டோடு நின்றுவிட்டாள். "மாமா, டெஸ்ட்டு வர்ற வரைக்கும் பொறுத்துப் பாக்கலாமுங்க. நாரைக வருஷா வருஷம் வருதுங்க, எப்பவும் ஒண்ணும் ஆனதில்லை. இப்பத்தான் குஞ்சுகளுக்கு றெக்கை மொளைக்குது. ஒரு மாசம் உட்டா அதுகளே போயிரும்."

கந்தப்பன் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லாமல்தான் சொன்னார். "நீயுந்தான் அம்மிணி தெனமும் அங்க போயிட்டு வர்ற."

பைக்கில் உட்கார்ந்திருந்தவர்களும் நாற்காலியில் இருந்தவர்களும் அவளுடைய பாதங்களைப் பார்த்தார்கள். அவள் பாலசுந்தரத்தைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த டீயை ஊதிக்கொண்டிருந்தான்.

மறுநாள் விடியற்காலையில் மரம் அறுக்கும் மிஷினின் சத்தம் கேட்டது. பக்கத்தில் அவன் இல்லை. தனப்பிரியா கேமராவை எடுத்துக்கொண்டு ஓடினாள். எதற்கு எடுத்தோம் என்று பிற்பாடு பலமுறை யோசித்தும் அவளுக்கு விளங்கவில்லை. ஏரிக்கு ஓடும்போது கை தானாக அதை எடுத்தது, அவ்வளவுதான்.

ஏரியில் முழங்கால் அளவுதான் தண்ணீர். ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே நின்றிருந்தார்கள். முதல் மரம் அவள் கரையேறியபோதே சாய்ந்துகொண்டிருந்தது. மெதுவாக, யோசித்து யோசித்துச் சாய்வது போலிருந்தது. பிறகு ஒரேயடியாக விழுந்தது. கூடுகள் கவிழ்ந்தன. பறக்கத் தெரியாத குஞ்சுகள், உடம்பைவிட அலகு பெரிதாக இருந்த குஞ்சுகள், தண்ணீரில் விழுந்து பாதி முளைத்த இறக்கைகளை அடித்துக்கொண்டன. கிளைகளுக்கு அடியில் மாட்டியவை அதைக்கூடச் செய்யவில்லை. கரையில் ஊர் நாய்கள் ஏற்கெனவே காத்திருந்தன.

வளர்ந்த நாரைகளுக்குக் கத்த வராது. அலகை அலகோடு தட்டத்தான் தெரியும். மிஷின் நின்ற இடைவெளிகளில், தலைக்கு மேலே சுற்றிய அத்தனை நாரைகளும் தட்டிய தட்டல் ஏரி முழுக்கக் கேட்டது.

தனப்பிரியா படம் எடுத்தாள். அழுதுகொண்டேதான் எடுத்தாள். லென்சுக்குள் அர்த்தநாரி வந்தான். கையில் மிஷின். ஒரு காலைத் தூக்கி, பாதத்தில் ஏறிய கருவேல முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் காலை மறுபடி சேற்றில் ஊன்றினான். லென்சுக்குள் இடது ஓரத்தில் பாலசுந்தரம். ஒரு கை அர்த்தநாரியின் தோளில் இருந்தது. மறு கை அடுத்த மரத்தைக் காட்டியது. அர்த்தநாரி அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் பொத்தானை அழுத்தினாள்.

பாலசுந்தரம் அவளைப் பார்த்துவிட்டான். தண்ணீரைக் கலக்கிக்கொண்டு கரைக்கு வந்தான்.

"பிரியா, ஊட்டுக்குப் போ."

"நிறுத்தச் சொல்லுங்க. ஏனுங்க, அங்க பாருங்க, அதுக உசுரோட இருக்குதுங்க."

"என்னால நிறுத்த முடியாது. நான் நிறுத்துனா இன்னொருத்தன் வெட்டுவான்." அவனுடைய கண்கள் சிவந்திருந்தன. "நம்ம ஷெட்டுல தெனமும் சாவுதே, ஒரு நாளாச்சும் வந்து பாத்தயா? அதைப் படம் புடிச்சயா?"

அவன் திரும்பித் தண்ணீரில் இறங்கினான்.

வீட்டுக்கு வந்ததும் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டாள். முக்கால்வாசி மங்கலாக, ஆடிப்போய் இருந்தன. தெளிவாக வந்தது அந்த ஒன்றுதான். விழுந்த மரம், மிதக்கும் குஞ்சுகள், மிஷின், அர்த்தநாரியின் முகம், பாலசுந்தரத்தின் முகம். சரிதாவைப் போனில் கூப்பிட்டாள். "உடனே அனுப்புங்க, நான் வனத்துறையில பேசறேன். ஆள் முகம் தெரியற மாதிரி இருந்தாத்தான் நடவடிக்கை எடுப்பாங்க" என்றாள் சரிதா.

தனப்பிரியா படத்தின் இடது ஓரத்தை வெட்டினாள். கணவனின் முகம் போயிற்று. ஆனால் தோளின்மேல் அவனுடைய விரல்கள் மிச்சமிருந்தன. கல்யாண மோதிரம்கூடத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் வெட்டினாள். அர்த்தநாரியின் தோளும் பாதி போயிற்று. விரல்கள் போய்விட்டன. அதை அனுப்பினாள். ஏரியில் இன்னும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வேறெதையும் யோசிக்க நேரமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் வெட்டுவதற்கு நேரம் இருந்தது.

மதியத்துக்குள் வனத்துறை ஜீப் வந்தது. ஆட்கள் சிதறி ஓடினார்கள். பண்ணைக்காரர்களின் பைக்குகள் வரப்பு வழியாகப் போய் மறைந்தன. பாதி மரங்கள் தப்பின. கால் வீங்கி ஓட முடியாத அர்த்தநாரி கரையில் உட்கார்ந்திருந்தான். போனில் இருந்த படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏற்றினார்கள். யார் வெட்டச் சொன்னது என்று கேட்டதற்கு அவன் வாய் திறக்கவில்லை. பண்ணைக்காரர்களைக் கேட்டபோது எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: விறகுக்கு வெட்டியிருப்பான், எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

அன்று பாலசுந்தரம் வெகுநேரம் கழித்துச் சாப்பிட உட்கார்ந்தான். அவனுடைய போனிலும் அந்தப் படம் வந்திருந்தது. ஊரில் எல்லோருடைய போனிலும் வந்திருந்தது.

"என்னைய உட்டுட்டு எடுத்தயா, இல்ல, எடுத்துட்டு உட்டயா?" என்று கேட்டான்.

"எடுத்துட்டு உட்டேனுங்க."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு, "அழிச்சுரு" என்றான்.

"செரிங்க" என்றாள். அழிக்கவில்லை.

"அர்த்தநாரிய ரெண்டு நாள்ல வெளிய எடுத்துரலாம். வக்கீல் கிட்டப் பேசியாச்சு. நீ ஒண்ணும் பண்ணாத." அவன் அதை நம்பித்தான் சொன்னான். அவளும் நம்பினாள். நம்புவது சுலபமாக இருந்தது.

மூன்றாம் நாள் பொன்னாயி கிளைச்சிறைக்குப் போய் புருஷனைப் பார்த்துவிட்டு வந்தாள். முதலில் கந்தப்பனிடம் போனாள். "வாயத் தொறக்காம இருக்கச் சொல்லு. மிச்சத்தை வக்கீலு பாத்துக்குவாரு" என்று அவர் சொல்லி அனுப்பிவிட்டார். அவள் நேராகப் பின்வாசலுக்கு வந்தாள். துணி துவைக்கும் கல்லருகே தனப்பிரியா நின்றிருந்தாள். பொன்னாயி இடுப்பிலிருந்து போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினாள்.

"பாத்தீங்களா அம்மிணி?"

"பாத்தேன் பொன்னாயி."

"அவரு யாரையோ பாத்துக்கிட்டு நிக்கிறாரு பாருங்க. அடுத்தது எதுங்க முதலாளின்னு கேக்கறாப்புல. தனியா வெறகு வெட்டறவன் இப்படியா நிப்பான்?" விரலால் படத்தின் இடது ஓரத்தைத் தடவினாள். அந்தப் பக்கம் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று நகர்த்திப் பார்த்தாள். "யாரு எடுத்தாங்களோ. எடுத்தவிய நல்லா இருக்கட்டும்னு என்னால சொல்ல முடியலீங்க."

அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். தனப்பிரியா வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாளியில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. பொன்னாயி குனிந்து குழாயை மூடிவிட்டுப் போய்விட்டாள்.

பரிசோதனை முடிவு வந்தது. பறவைக்காய்ச்சல் இல்லை. வெள்ளைக்கழிச்சல். வருஷா வருஷம் தடுப்பூசி போடுகிற பழைய நோய்தான். டாக்டர் மருந்து வைத்திருந்த ஃபிரிட்ஜைத் திறந்து கையை உள்ளே விட்டுப் பார்த்தார். "கரண்ட் போயிப் போயி வந்ததுல மருந்து சூடாகிச் செத்திருக்குங்க. செத்த மருந்தைப் போட்டா எப்படிப் பிடிக்கும்? ஏரியில இருந்து வந்திருக்கும்னு என்னால சொல்ல முடியாது" என்றார். பாலசுந்தரம் ஃபிரிட்ஜையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கந்தப்பன் மட்டும் சொன்னார். "எப்படியோ, கவர்மெண்டு வந்து குழி வெட்டல."

தப்பிய மரங்களை நினைத்துத் தனப்பிரியா தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். சரிதா அனுப்பிய செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்திருந்தாள்: உங்க ஒரு படம் ஒரு ஏரியையே காப்பாத்திடுச்சு. ஒரு வாரம் கழித்து ஏரிக்குப் போனாள். நின்ற மரங்களில் கூடுகள் இருந்தன, குஞ்சுகள் இருந்தன. பெரிய நாரைகள்தான் இல்லை. மிரண்டு போனவை ஒன்றிரண்டைத் தவிரத் திரும்பி வரவேயில்லை. லென்சு வழியாகப் பார்த்தாள். குஞ்சுகள் கூட்டின் விளிம்பில் கழுத்தைப் போட்டுக் கிடந்தன. சிலவற்றின் தொண்டை இன்னும் துடித்தது. காக்கைகள் கூட்டிலேயே உட்கார்ந்து, அவசரமில்லாமல் தின்றுகொண்டிருந்தன. கரையோர எருக்கம்பூவில் வெந்தய வரியன்கள் எப்போதும்போல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அவள் படம் எடுக்காமல் கேமராவை இறக்கினாள்.

அர்த்தநாரிக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. காட்டுயிர் சட்டத்தில் போட்ட வழக்கு, சுலபத்தில் விட மாட்டார்கள் என்றார் வக்கீல். இன்னும் பத்து நாள் பொறுங்கள் என்றார். மறுபடியும் பொன்னாயி வந்தாள். இந்தத் தடவை கந்தப்பனிடம் போகவில்லை.

"அம்மிணி, அன்னிக்கு ஏறுன முள்ளு உள்ளயே முறிஞ்சு நின்னுருச்சாம். காலு கறுத்துப் போச்சுங்க. சக்கரை இருக்கற ஒடம்பு. மாத்திரை குடுக்கறாங்களாம், ஆனா கேக்கலீங்க. பக்கத்துல போனாலே வாடை வருதுங்க." அவள் அழவில்லை. விலாசம் சொல்வதுபோல் சொன்னாள். "நான் இனி எங்க போறதுன்னு தெரியலீங்க."

அவள் போனதும் தனப்பிரியா உள்ளே போனாள். கேமராவின் கார்டை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்தாள். பாலசுந்தரம் ஷெட்டில் இருந்தான். அவனிடம் போய்ச் சொன்னால் தடுப்பான். தடுத்தால் நின்றுவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்துக்குப் போனாள்.

ரேஞ்சர் முழுப் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தார். "இவர் யாருங்க மேடம்?"

"எங்க வீட்டுக்காரர்."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். "இத்தனை நாள் ஏன் குடுக்கலை?"

"குடுத்தேனுங்க. வெட்டிட்டுக் குடுத்தேன். அர்த்தநாரி கூலிக்கு வேலை பாக்கறவருங்க, சொன்னதைச் செஞ்சாரு. கால்ல முள்ளேறிச் சீப்பிடிச்சுக் கெடக்கறாரு. அவரை மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்க. மிச்சத்தை அப்புறம் எழுதிக்கலாம்."

அவர் போன் செய்தார். பிறகு எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

அன்று பிற்பகலே பாலசுந்தரத்தைக் கூட்டிப்போக வந்தார்கள். அவன் ஷெட்டிலிருந்து வந்து, கைகால் கழுவி, வேறு சட்டை கேட்டான். அவள் எடுத்துக் கொடுத்தாள். பொத்தானைப் போட்டுக்கொண்டே, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமில்ல" என்றான்.

"சொன்னா உட்டிருப்பீங்களா?"

அவன் யோசித்தான். "மாட்டேன்" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினான்.

கந்தப்பன் அன்றிலிருந்து அவள் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

அர்த்தநாரிக்கு வாங்க முடியாத ஜாமீனை, பாலசுந்தரத்துக்கு அந்த வாரம் முடிவதற்குள் அதே வக்கீல் வாங்கிவிட்டார். ஒரே மனுவில் இரண்டு பேர் பெயரையும் சேர்த்துப் போட்டதில் அர்த்தநாரிக்கும் சேர்ந்து கிடைத்தது. பாலசுந்தரம் வீட்டுக்கு வந்தான். அர்த்தநாரி சேலத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். அதற்கு முந்தின நாள் அவனுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டிருந்தார்கள். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் விரல்களோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

தனப்பிரியா போனபோது அவன் மருந்து மயக்கத்தில் தூங்கினான். பொன்னாயி கட்டிலுக்கடியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். தனப்பிரியாவும் தரையில் உட்கார்ந்தாள். சொல்லிவிட வேண்டுமென்று வழியெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்த வார்த்தைகளில் ஒன்றும் வரவில்லை.

"அந்தப் படம் நான் எடுத்ததுதான் பொன்னாயி."

"தெரியுமுங்க."

"எப்பத் தெரியும்?"

"அவரு சொன்னாருங்க. கரை மேல அம்மிணிதான் நின்னாங்கன்னு. நான் மொதத் தடவ பாக்கப் போனப்பவே சொன்னாரு."

"அப்ப அன்னிக்கு, தொவைக்கற கல்லுகிட்ட வந்து, தெரிஞ்சுட்டா கேட்ட?"

"உங்க வாயில இருந்து வருதான்னு பாத்தனுங்க" என்றாள் பொன்னாயி. குரலில் கோபம் இல்லை. "அன்னிக்கு வந்திருந்தா காலு இருந்திருக்கும். எங்க சாமி அப்படி எழுதல." எழுந்தாள். "துணி மாத்தோணும். அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கிப் புடிங்க அம்மிணி. வலிக்காமத் தூக்குங்க."

தனப்பிரியா தூக்கினாள். பாதி இல்லாத காலின் கனம் எவ்வளவு என்று அவளுக்குப் பிடிபடவில்லை. தேவைக்கு மேலேயே தூக்கிவிட்டாள். தூக்கத்திலேயே அர்த்தநாரி முனகினான்.

பண்ணைக் கேட்டில் நாற்காலி போட்டு அவனைக் காவலுக்கு உட்கார வைக்கிறேன் என்று பாலசுந்தரம் சொன்னான். மனதாரத்தான் சொன்னான். பொன்னாயி ஒப்புக்கொள்ளவில்லை. ஜலகண்டாபுரத்தில் அவள் தம்பிக்குத் தறிப் பட்டறை இருந்தது. உட்கார்ந்தே நூல் சுற்றும் வேலை பார்க்கலாம், ஒரு காலே போதும் என்றாள். ஆனி கடைசியில் ஒரு நாள் தனப்பிரியா காரில் அவர்களைக் கொண்டுபோய் விட்டாள். அர்த்தநாரி முன் சீட்டில் உட்கார்ந்து, வழியெல்லாம் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். இறங்கும்போது அவள் கைகொடுக்கப் போனாள். "வேண்டாமுங்க, பழகிக்கோணுமில்ல" என்று கதவைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்தான். பட்டறைக்குள் தறிகள் ஓடிய சத்தத்தில் அவள் போய்வருகிறேன் என்று சொன்னது யாருக்கும் கேட்டிருக்காது.

வழக்கு நடந்துகொண்டிருந்தது. வாய்தாவுக்கு வாய்தா பாலசுந்தரம் போய் வந்தான். நிலா விடுமுறைக்கு வந்தபோது வீட்டில் ஏதோ சரியில்லை என்று கண்டுபிடித்து, கேட்காமலே திரும்பிப் போனாள். புருஷனும் பெண்டாட்டியும் தீவனத்தைப் பற்றியும் மின்வெட்டைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். ஏரியைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த மாசியில் நாரைகள் வருமா என்று சரிதா கேட்டு எழுதியதற்கு அவள் பதில் போடவில்லை.

ஷெட்டுகளைக் கழுவி, சுண்ணாம்படித்து, மாதக்கணக்கில் காயப்போட்டு, ஆவணியில் புதிதாகக் குஞ்சுகள் இறக்கினார்கள். தடுப்பு மருந்து போடும் நாளன்று ஆள் பற்றவில்லை. பொன்னாயி இருந்த இடத்தில் வேறு யாரும் இன்னும் வந்திருக்கவில்லை. பாலசுந்தரம் பனிக்கட்டிப் பெட்டியில் மருந்தை வைத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்து நின்றான்.

"குஞ்சு புடிச்சுக் குடுக்க ஆளு வேணும். வாரயா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அவளை அதற்குக் கூப்பிட்டதில்லை. அவள் குளித்து, துணி மாற்றி, அவன் கொடுத்த சுத்தமான செருப்பைப் போட்டுக்கொண்டு ஷெட்டுக்குள் போனாள். மஞ்சள் பல்புகளின் சூட்டில் ஆயிரக்கணக்கில் குஞ்சுகள் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. அவள் ஒவ்வொன்றாக எடுத்து, தலையைச் சாய்த்துப் பிடித்தாள். அவன் கண்ணில் ஒரு சொட்டு விட்டான். குஞ்சு கண்ணை மூடித் திறந்தது. அதை அடுத்த பக்கம் விட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தாள்.

"மெதுவாப் புடி. நெஞ்சை அமுக்காத" என்றான் பாலசுந்தரம்.

"செரிங்க" என்றாள்.